ஒரு குண்டூசி நீளம்

கரும்பலகையைக் குச்சியால் அளந்துகொண்டிருந்த வகுப்புத் தலைவி பாதியில் நின்று திரும்பினாள்.

"டீச்சர், பலகை சுருங்கிடுச்சு."

"பலகை எங்கடி சுருங்கும்?" என்றாள் பின்வரிசைக்காரி. "குண்டூசிதான் வளந்துட்டா."

யாரும் சிரிக்கவில்லை.

'செய்து கற்றல்' என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்த வருடம் அது. தலைமையாசிரியர் அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள். ஐந்தாம் வகுப்பு டீச்சர் மட்டும் அந்தச் சுற்றறிக்கையை நிஜமென்று நம்பிவிட்டார். அளவைப் பாடத்தன்று எல்லோரையும் கையை விரித்து, சாண் சாணாகக் கரும்பலகையை அளக்கச் சொன்னார். ஆளுக்கொரு விடை வந்தது. அடிதடி வரை போய், கடைசியில் ஒரே கையை எல்லோருக்கும் அளவாக வைப்பது என்று முடிவானது. யார் கை? அதிகம் கத்தியவள் கை. ஆள் ஒல்லி, குரல் மட்டும் சுருக்கென்று குத்தும். அதனால் அவளுக்குக் குண்டூசி என்று பெயர். அவள் விரித்த சாணுக்கு ஒரு மூங்கில் குச்சியை நறுக்கினார்கள். அன்றிலிருந்து அதுதான் வகுப்பின் சட்டம். கரும்பலகை பதினெட்டு குண்டூசி. ஜன்னல் எட்டு. தலைமையாசிரியரின் இடுப்பைக் கண்ணாலேயே அளந்து, விடையைப் பரம ரகசியமாக வைத்திருந்தார்கள்.

மழை விடுமுறையில் குண்டூசிக்குக் காய்ச்சல் கண்டது. பள்ளி திறந்தபோது அவள் இல்லை, குச்சி இருந்தது. பிள்ளைகள் அதை அவள் உட்காரும் இடத்தில், பெஞ்சின் மேல் வைத்தார்கள். பின்வரிசைக்காரிதான் அவளுக்குப் பக்கத்தில் உட்காருபவள். எப்போதும்போல ஒதுங்கி இடம் விட்டாள். டீச்சர் வருகை எடுக்கும்போது ஒரு பெயரைத் தாண்டுவார். சரியாக அந்த இடத்தில் குச்சி பெஞ்சில் 'டொக்' என்று தட்டும். தட்டியது யார் என்று டீச்சர் ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

கல்வி அதிகாரி பார்வையிட வருகிறார் என்றதும் தலைமையாசிரியர் பள்ளியைச் சுத்தம் செய்தார். விரல் அழுக்கேறிய அந்தக் குச்சி குப்பையோடு எரிந்தது. பதிலுக்குத் தச்சரிடம் பாலிஷ் போட்ட புதுக் குச்சி ஒன்று கேட்டார்.

"எவ்வளவு நீளம் சார்?"

"ஒரு சாண்."

தச்சர் தன் கையை விரித்து அளந்து அறுத்துக் கொடுத்தார். அளவைப் பாடம் தலைமையாசிரியரின் அறை வரைக்கும் எட்டியிருக்கவில்லை. அதிகாரி பாலிஷைப் பாராட்டிவிட்டுப் போனார். மறுநாள்தான் பலகை பதினெட்டிலிருந்து பதினாலுக்கும் கீழே இறங்கியது.

அதற்கடுத்த நாள் குண்டூசியின் அம்மா வந்தாள். மருந்துக் கடை வேலையிலிருந்து அப்படியே வந்ததால் வெள்ளைக் கோட்டுகூடக் கழற்றவில்லை.

"வளந்துட்டாளாமே டீச்சர். பசங்க கடைக்கே வந்து சொல்லிட்டுப் போனாங்க."

டீச்சர் உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தார். ஆனால் அதைச் சொல்ல 'எரிச்சுட்டாங்க' என்ற சொல் வேண்டும். இவள் அதை மகள் விஷயத்தில் ஒரு தடவை கேட்டாயிற்று. வகுப்பு முழுவதும் டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

வாசலில் தொண்டையைச் செருமும் சத்தம். "மரம் பாத்தீங்கன்னா, ஈரப்பதத்துல விரியும்மா," என்றார் தலைமையாசிரியர். "அறிவியல்பூர்வமா சொல்லப்போனா..."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அறிவியல் அங்கேயே நின்றுவிட்டது.

குச்சியை எடுத்து, ஒரு முனையில் கட்டைவிரலை வைத்து, கையை விரித்தாள். சுண்டுவிரல் மறுமுனைக்குக் கொஞ்சம் இப்பாலே நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து விரித்தாள். தொட்டது.

"என் கை அளவுக்கு வந்துட்டா. கழுதைக்கு என்ன அவசரம் பாருங்க." குச்சியைப் பழையபடி பெஞ்சில் வைத்தாள். "இனிமே என்னைத் தாண்டிருவா. அடுத்த வெள்ளிக்கிழமை வரேன் டீச்சர்."

வெள்ளிக்கிழமை, பிள்ளைகள் உட்கார்ந்துகொண்டிருந்தபோது, தலைமையாசிரியர் வகுப்பு வாசலில் நின்றார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருள். பேச்சு வழக்கத்தைவிட மிகவும் சின்னதாக இருந்தது.

"தச்சர்கிட்ட எவ்வளவு நீளம் சொல்றதுன்னு தெரியல டீச்சர். போன குச்சியைவிட ஒரு விரற்கடை கூட்டி வைக்கச் சொன்னேன்."

டீச்சர் கை நீட்டவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பின்வரிசைக்காரி அந்தப் பொட்டலத்தைப் பார்த்தாள். பிறகு, சத்தமில்லாமல், பெஞ்சில் ஒரு விரற்கடை தள்ளி உட்கார்ந்தாள்.