மூன்று கிலோ

பிரசவம் முடிந்து வீடு திரும்பும் தாய்மார்களுக்கு மருத்துவமனை ஒரு வாழ்த்துச் செய்தி அனுப்பும். அந்த மருத்துவமனைக்கு மென்பொருள் செய்துதரும் அலுவலகத்தில், செய்திக்கான டெம்ப்ளேட்டை எழுதியவள் அவள்தான். தாயின் பெயர், குழந்தையின் எடை என்று அதில் காலியிடங்கள் விட்டிருந்தாள். அனுப்பும்போது கணினி நிரப்பிக்கொள்ளும். எடை பதிவாகவில்லை என்றால் வாழ்த்து மொத்தமும் மறைந்து, ஓய்வு, உடல்நலம் பற்றிய வரிகள் மட்டும் மிஞ்சும்படி முதலில் செய்திருந்தாள்.

"மொட்டையா நிக்குதேம்மா, பாக்க சகிக்கல. எதையாவது போட்டு நிரப்பு" என்றார் மேலாளர். எதுவும் மினுக்க வேண்டும் அவருக்கு; அலுவலகத்தில் எல்லோரும் அவரைப் பளபளா என்றுதான் சொல்வார்கள். அவள் வாதாடவில்லை. காலியாக இருந்தால் பூஜ்யம் வரட்டும் என்று மாற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

இன்று மதியம் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் பிரிவு அக்கா வந்து கைப்பேசியை நீட்டினாள். "ஆஸ்பத்திரியிலேர்ந்து அனுப்பியிருக்காங்க. இந்த மெசேஜ் போன அம்மாவுக்குக் குழந்தை செத்துப் பொறந்திருக்குடி."

'வாழ்த்துகள்! உங்கள் செல்லத்தின் எடை 0 கிலோ.'

பூஜ்யத்தைத் தட்டிய விரல் தன்னுடையது என்ற நினைப்பில், அந்தக் கையை மடியில் வைத்துக்கொள்ளவே அவளுக்குக் கூசியது.

"இன்னைக்கும் ஒருத்தங்க வீட்டுக்குக் கெளம்புறாங்களாம், இதே மாதிரி குழந்தை போனவங்க" என்றாள் அக்கா. "சாயங்காலம் மெசேஜ் தானா போயிடும்ல?"

பளபளா சிப்ஸ் பொட்டலத்தோடு வந்து நின்றார். படித்தார். மென்றுகொண்டே யோசித்தார்.

"பூஜ்யம்தானே உறுத்துது? சராசரி எடையப் போட்டுடு. மூணு கிலோ. யாருக்கும் வித்தியாசமே தெரியாது."

"அந்தம்மாவுக்குத் தெரியும் சார்."

"ஒருத்தருக்காக எல்லாத்தையும் மாத்துவியா? நம்ம செய்தி முழுசா, அழகா இருக்கணும்." எண்ணெய் விரலால் திரையில் அந்தப் பூஜ்யத்தைத் தொட்டுக் காட்டினார். "இங்க. மூணு."

இல்லாத குழந்தைக்கு இவர் சதை வைக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. அவர் மென்று முடிக்கட்டும் என்றுகூடக் காத்திருக்கவில்லை. பூஜ்யத்தை அழித்தாள். பழைய விதியைத் திரும்ப எழுதினாள்: எடை இல்லையா, வாழ்த்தும் இல்லை.

"நான் சொல்றது காதுல விழல?"

"விழுந்துச்சு சார். மூணு கிலோ வேணும்னா நீங்களே உக்காந்து தட்டுங்க. அந்தம்மா பேரப் பாத்துக்கிட்டே தட்டுங்க."

எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். அவர் நாற்காலியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "அப்புறம் பேசிக்கலாம்" என்று முணுமுணுத்தபடி பொட்டலத்தைச் சுருட்டிக்கொண்டு போனார்.

சாயங்காலம் செய்தி போனது. அக்கா மெல்லப் படித்தாள்: "'ஓய்வெடுங்கள். பால் கட்டிக்கொண்டு வலித்தால் எந்த நேரமும் அழையுங்கள்.' இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்க்கா."

"மொதல்ல பூஜ்யத்தோட போச்சே, அந்தம்மாவுக்கு என்ன பண்றது?"

அவள் கை கழுவும் அறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, பூஜ்யத்தைத் தட்டிய விரலை வெகுநேரம் தேய்த்துக் கழுவினாள்.