சாம்பல் கூரை

சிமெண்டில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு, அனல்மின் நிலையத்துச் சாம்பலைச் சேர்த்துப் பொறியாளர் டார்லின் போட்ட முதல் கூரை அது. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி வகுப்பறை. இந்தக் கலவை மெதுவாகத்தான் இறுகும் என்று தெரிந்து, கூரையைத் தாங்கும் முட்டுகளைக் கூடுதல் நாள் விட்டுவைத்திருந்தாள். ஆனாலும் முட்டுப் பிரிக்க வந்தவர்கள் உள்ளே போக மறுத்தார்கள்.

"சாம்பல வச்சு ஏனம் வெளக்குவாவ தாயி. பள்ளிக்கூடமா கெட்டுவாவ?" என்றார் கொத்தனார் சுவிசேஷமுத்து.

"நானே தட்டுதேன் அண்ணாச்சி. விழுந்தா என் தலைலதான விழும்."

"அப்ப பெட்டிக்கு அளவு எடுத்துருவமா?" என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

டார்லின் சுத்தியலோடு உள்ளே போனாள். நடுவிலிருந்து சுவர்ப்பக்கமாக ஒவ்வொரு முட்டாகத் தட்டினாள். விரிசல் விட்டால் கூரையை இடிக்கச் சொல்லிவிடுவார்கள். அதற்குப் பிறகு சாம்பல் என்ற பேச்சையே அவள் எடுக்க முடியாது.

கடைசி முட்டு, அது தாங்கியிருந்த இரும்புத் தகடோடு சேர்ந்து விழுந்தது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். மேலே ஒரு சத்தமும் இல்லை.

அவள் தூத்துக்குடியில் வளர்ந்தவள். கொடியில் காயும் வெள்ளைத்துணியில் இந்தச் சாம்பல்தான் வந்து படியும். அம்மா திட்டிக்கொண்டே உதறுவாள். ஊதினால் பறக்கிற அந்தத் தூசி கலந்த கான்கிரீட், இரண்டு லாரிச் சுமையாகத் தலைக்குமேல் அசையாமல் நின்றது. கணக்குப் போட்டவள் அவள்தான். இருந்தும் நம்ப முடியவில்லை.

சுவிசேஷமுத்து பைய உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"ஏலே, எல்லாவனும் உள்ள வாங்கலே" என்றார்.

வந்தார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. டார்லினுக்குச் சுத்தியலைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.