எல்லைக்கல் ஒட்டிய துணி

உண்ணிக் காய்ச்சல் பரவிய ஆண்டில், மேற்கு மாவட்டத்தையும் கிழக்கு மாவட்டத்தையும் பிரிக்கும் எல்லைக்கல் ஒரு வெள்ளைத் துணியில் ஒட்டிக்கொண்டு இரண்டே கால் கிலோமீட்டர் கிழக்கே போய்ச் சேர்ந்தது. துணி, மேற்கு மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் சொத்து. இழுத்தவர் அங்கே கடைநிலை ஊழியர். ஊரார் உண்ணிக்காரர் என்பார்கள். போர்வை அகலத் துணியைப் புல்மேல் பத்துத் தப்படி இழுப்பார், நிற்பார், புரட்டுவார், ஒட்டியிருக்கும் உண்ணிகளை இடுக்கியால் எடுத்துச் சீசாவில் போட்டு எண்ணிக்கையை எழுதுவார். பிறகு மறுபடியும் பத்துத் தப்படி. பதினோரு வருடமாக இதுதான் உத்தியோகம். என்ன வேலை என்று யாராவது கேட்டால் ‘கவர்மெண்டு’ என்று மட்டும் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார்.

காய்ச்சல் காட்டோரத்தில் தொடங்கியது. முதல் வாரம் சுரமும் உடம்புவலியும், இரண்டாம் வாரம் ஈறில் ரத்தம். மேற்கு மாவட்டம் வியாதியை ஒப்புக்கொண்டதால் அதற்குப் படுக்கை, ரத்தம், ஆம்புலன்ஸ் எல்லாம் வந்து இறங்கின. கிழக்கு மாவட்டச் சுகாதார அதிகாரி கெட்டிக்காரர். எங்கள் மாவட்டத்தில் இந்தக் காய்ச்சலே கிடையாது என்று சுற்றறிக்கை விட்டுவிட்டார். உண்ணிகளுக்குப் படிக்கத் தெரியாததால் அவை மாட்டின் காதில் சொகுசாக உட்கார்ந்து எல்லையைத் தாண்டிக்கொண்டே இருந்தன. கிழக்கே விழுந்து படுத்தவர்களுக்கெல்லாம் ‘வெயில் சூடு’ என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அடைமழையிலும் வெயில் சூடுதான்.

உண்ணிக்காரரின் ஒரே தங்கை வாழ்க்கைப்பட்டது கிழக்கே. தையற்காரி, அந்த வெள்ளைத் துணிக்கு ஓரம் அடித்துக் கொடுத்ததும் அவள்தான். அவள் படுத்த எட்டாம் நாள் அவளுடைய கணவர் போன் செய்தார். “மச்சான், ஈறுல ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. இங்க வெயில் சூடுன்னு சொல்லிக் குடை பிடிக்கச் சொல்றாங்க.” உண்ணிக்காரர் தன் மேலதிகாரியிடம் ஓடினார். ஆம்புலன்ஸ் எல்லைக்கல்லைத் தாண்டக்கூடாது, ஆஸ்பத்திரியில் வெளி மாவட்டத்தாருக்குப் படுக்கை தரக்கூடாது என்று இரண்டு உத்தரவுகளைக் காட்டி அவர் கைவிரித்தார். “அட்ரஸ் மட்டும் நம்ம பக்கம் இருக்கட்டும், இப்பவே பெட் தர்றேன்.”

மறுநாள் காலை ஏழு மணிக்கு, வேறு எங்கே போவதென்று தெரியாமல், உண்ணிக்காரர் எல்லையோரப் புல்லுக்கு வேலைக்குப் போனார். முதல் பத்துத் தப்படியிலேயே துணி கனத்தது. புரட்டினால், இரண்டு உண்ணிகளுக்கு நடுவே இடுப்புயர எல்லைக்கல் ஒட்டிக்கொண்டிருந்தது. இடுக்கியால் இழுத்துப் பார்த்தார், வரவில்லை. படிவத்தில் ‘மற்றவை’ என்ற இடத்தில் ‘கல் – 1’ என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார். இதுவரை கிழக்கில் இருந்த சைக்கிள் கடை மேற்குக்கு வந்திருந்தது. பெயர்ப்பலகையில் மாவட்டத்தின் பெயர்கூட மாறியிருந்தது. கடைக்காரர், பெயிண்ட் ஈரமா இருக்கு, சாயாதீங்க என்று மட்டும் சொன்னார்.

உண்ணிக்காரருக்குப் புரிந்துவிட்டது. துணியைத் தோளில் போட்டுத் தலைதெறிக்க ஓடினார். பதினைந்தாவது தப்படியில் கல் கழன்று விழுந்தது. வேலையை ஒழுங்காகச் செய்தால்தான் அது கூட வருமாம். பத்துத் தப்படி, நிற்க, புரட்ட, எண்ண, எழுத. அங்கே தங்கையின் உயிர் ஊசலாடிக்கொண்டிருக்க, இங்கே மனிதர் முந்நூறு முறை நின்று உண்ணி எண்ணினார். அழுதுகொண்டு எண்ணுவது சிரமம். ஒன்று இரண்டாகத் தெரியும், மறுபடி எண்ண வேண்டும். அரசாங்கத்தையும் உண்ணியையும் தங்கை கணவரையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போனார். திட்டுவதற்குப் படிவத்தில் தடையில்லை.

சாயங்காலம் நாலு மணிக்குத் தங்கை வீட்டுக் கொல்லையில் கல் தானாகவே இறங்கி உட்கார்ந்தது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வந்தார், கல்லைப் பார்த்தார். “நம்ம ஏரியாதான், ஏத்துங்க” என்றார். ஏற்றும்போது தங்கை கண்ணைத் திறந்தாள். “என்னண்ணா, துணியை இப்படி அழுக்காக்கி வச்சிருக்கே?” பத்தொன்பது நாள் கழித்து நடந்தே வீடு திரும்பினாள்.

ஒரே நாளில் வியாதியை இரண்டே கால் கிலோமீட்டர் பரப்பியது ஏன் என்று கேட்டு உண்ணிக்காரருக்கு மெமோ வந்தது. அதற்குப் பதில் எழுத அவருக்கு நேரமில்லை. எங்க ஊருக்கும் கொஞ்சம் இழுத்துட்டு வாங்கண்ணே என்று கிழக்கிலிருந்து வந்தவர்கள் வாசலில் நின்றார்கள். நாலு வருடத்தில் கிழக்கு மாவட்டம் என்பது அந்த அதிகாரியின் பங்களாவும் நாற்பது தப்படித் தோட்டமும் என்று சுருங்கியது. அங்கே மட்டும் காய்ச்சல் கிடையாது என்று அவர் சுற்றறிக்கை விட்டுக்கொண்டிருந்தார், தமக்குத் தாமே.

ஒருநாள் அவர் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு கேட் வரை வந்தார். கைக்குட்டை சிவந்திருந்தது. “தம்பி, ஒரு நாலு இழுப்பு…”

“வெயில் சூடா இருக்கும் சார். குடை பிடிங்க” என்று சொல்லிவிட்டு உண்ணிக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டார். தங்கைக்கு விஷயம் தெரிந்ததும் துணியை எடுத்து அவர் மடியில் எறிந்தாள். “அந்த ரத்தம் எப்படி உப்புக் கரிக்கும்னு உனக்குத் தெரியாதுண்ணா. எந்திரி.” அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். நாலே இழுப்பு, ஆறு உண்ணி. அதிகாரி பிழைத்துக்கொண்டார்.

அதன்பிறகு பிரிப்பதற்கு மறுபக்கம் என்று ஒன்று இல்லாததால், கல்லைத் தங்கை தன் கொல்லைக்கே கேட்டு வாங்கிக்கொண்டாள். அந்த வெள்ளைத் துணியை வாரம் ஒருமுறை அதன்மேல்தான் அடித்துத் துவைக்கிறாள்.