சிவப்பு அம்பு எரியும் வரை

மற்ற வாத்தியங்கள் ஓய, டிரம் சோலோ தொடங்கியதும் யார் யார் எங்கே போவார்கள் என்பது இடிக்கு மனப்பாடம். வாசலோரம் நிற்பவர்கள் முதலில் கழிவறைக்குக் கிளம்புவார்கள். கூட்டாளிகளோடு வந்தவர்களில் ஒருவன் மற்றவர்களின் காதில் ஏதோ கேட்டுக்கொண்டு குடிக்க வாங்கப் போவான். மிச்சமிருப்பவர்கள் போனை எடுப்பார்கள். இருட்டில் முகங்கள் ஒவ்வொன்றாக நீலமாகும். முன்வரிசையில் மட்டும் இரண்டு மூன்று பேர், எப்போதும் ஆண்கள், கைகளைக் காற்றில் வீசி அவரோடு சேர்ந்து அடிப்பார்கள். மேடையிலேயே உயரமான இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இதெல்லாம் தெரியாமல் போகாது.

இடி என்பது மெட்டல் இசைக்குழுவில் டிரம்மருக்கு வைத்த பெயர். பகலில் அவர் லிஃப்ட் மெக்கானிக். ஐம்பதைத் தாண்டியவர். ஸ்பேனர் திருகும் வலக்கைதான் சிம்பல் தட்டையும் அடிக்கிறது என்பதால் அந்த முழங்கை இரண்டு எஜமானர்களுக்கு உழைத்துத் தேய்ந்துவிட்டது. காலையில் பல் துலக்க இடக்கை. தண்ணீர்க் குடம் தூக்க மனைவி. டாக்டர் ஊசி போட்டுவிட்டு, இரண்டில் எதையாவது குறையுங்கள் என்றார். லிஃப்டுகள் பழுதாவதைக் குறைக்க முடியாது. பாட்டுக்கு வாசிப்பதையும் கை ஒருவாறு தாங்கியது. பாட்டில் இறக்கம் உண்டு, நிறுத்தம் உண்டு. சோலோதான் ஆளை முறித்தது. அதை விட்டுவிடுவது என்று அவர் தீர்மானித்தார். உள்ளூர அவருக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. சோலோ முடியும்போது அவருக்கே அலுத்துப்போய்ப் பல நாளாயிற்று.

கார் கழுவும் கடைக்குப் பின்னால் இருந்த அறையில்தான் அவர்கள் பயிற்சி எடுத்தார்கள். சுவர்களில் பழைய கம்பளத் துண்டுகளை ஆணி அடித்திருந்தார்கள். மறுபக்கத்திலிருந்து ஈரம் ஏறி, அறை முழுக்க நனைந்த நாய் வாசம் அடிக்கும். இடி அங்கே விஷயத்தைச் சொன்னபோது கிடார் வாசிக்கும் கம்பி தலையை ஆட்டிவிட்டுச் சுருதி சேர்ப்பதைத் தொடர்ந்தான். சோலோ நேரத்தில் வெளியே போய் ஒரு சிகரெட் பிடிப்பது அவன் வழக்கம். அது போகும் என்பதைத் தவிர அவனுக்கு நஷ்டமில்லை.

பாடகர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் இடியின் தங்கை கணவர். பள்ளி பஸ் ஓட்டுபவர். பஸ் நிறுத்திய கையோடு சீருடையிலேயே வந்திருந்தார். வந்ததும் ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்து வெந்நீர் குடித்தார். கொஞ்ச நாளாகவே அவர் அப்படித்தான், உட்கார்ந்தே பயிற்சி செய்வார், குரலைச் சேமிக்கிறேன் என்பார்.

"சோலோ இல்லாம எப்படி மச்சான்?" என்றார். "நீ அடிக்கிறதைக் கேக்கத்தான் பாதிப் பேர் வர்றான்."

"அந்தப் பாதிப் பேரை நான் கழிவறை வரிசையிலதான் பார்க்கிறேன்."

கம்பி சிரித்தான். பாடகர் சிரிக்கவில்லை.

இடியின் பக்கம் பேச வந்தவள் பாடகரின் மகள். காதுகேட்கும் கருவி விற்கும் கடையில் வேலை பார்க்கிறாள். பழைய பேஸ் கிடார்காரர் வேறு ஊருக்குப் போனதிலிருந்து அந்த இடத்தில் நிற்கிறாள். தோழிகளோடு தனி வீடு எடுத்துத் தங்கியிருப்பதால் அப்பாவை அவள் பெரும்பாலும் இந்த அறையில்தான் பார்க்கிறாள். சோலோ பற்றி அவளுக்குக் கறாரான கருத்து இருந்தது. மாமாவுக்குக் கை வலிக்கிறது என்பது வேறு, வலிக்காவிட்டாலும் அதை எடுக்கத்தான் வேண்டும் என்றாள்.

"கிடார் சோலோ வந்தா அடியில பாட்டு ஓடிக்கிட்டே இருக்கு. டிரம் சோலோன்னா நாங்க எல்லாரும் இறங்கிப் போயிடறோம். ஒருத்தர்கிட்ட முக்கியமா ஒரு விஷயம் சொல்லிக்கிட்டு இருக்கோம், நடுவுல நிறுத்திட்டு, கொஞ்சம் இருங்க, என் கையைப் பாருங்கன்னா எப்படி இருக்கும்? அது பாட்டுக்குச் சேராது மாமா."

"பேஸ் சோலோ?" என்று கம்பி எடுத்துக் கொடுத்தான்.

"அதைப் பத்திப் பேசவே வேணாம். அதைக் கேட்டா வாசிக்கிறவனோட அம்மாகூட எந்திரிச்சுப் போயிடுவாங்க."

பாடகர் வழக்கத்துக்கு மாறாக நீளமாகப் பேசினார். மெட்டல் என்றால் அளவுக்கு மீறுவதுதான், அளவோடு இருக்க வேண்டுமென்றால் பஜனை பாடலாம் என்றார். தாளம் மட்டும் தனியாக நிற்கும்போதுதான் கேட்பவனுக்கு இந்தச் சத்தத்தின் எலும்பு எது என்று புரிகிறது என்றார். பிறகு இடியைப் பார்த்து, குரலை இறக்கி, அடுத்த நிகழ்ச்சி முடியட்டும், அப்புறம் யோசிக்கலாம் என்றார். அந்தக் குரலில் கெஞ்சல் இருந்தது. தன் வாசிப்பின் மேல் மாப்பிள்ளைக்கு இன்னும் இவ்வளவு பற்றா என்று இடிக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. சரி என்றார்.

அந்தப் பெருமைக்கு அவர் கையில் இன்னொரு ஆதாரமும் இருந்தது. ஒரு விளக்கு. புகையும் இருட்டுமான மேடையில், எல்லோரும் திரும்பி வரத் தயார் என்று டிரம்மருக்குச் சைகை காட்டுவது கஷ்டம். அதனால் பல வருடங்களுக்கு முன்பு, கழற்றிப்போட்ட ஒரு லிஃப்டிலிருந்து கீழ்நோக்கிய சிவப்பு அம்புக்குறி விளக்கை எடுத்து வந்து, வயர் இழுத்து, தன் காலடியில் வைத்துக்கொண்டார். சுவிட்ச் மேடைக்குப் பின்னால், பாடகர் கையில். அம்பு எரிந்தால் சோலோவை இறக்க வேண்டும். எரியும் வரை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சமீப காலமாக அம்பு தாமதமாகத்தான் எரிந்தது. ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் இன்னும் கொஞ்சம் தாமதம். கூட்டம் ரசிக்காவிட்டால் என்ன, பின்னால் நின்று ஒருவன் ரசிக்கிறான், அதனால்தான் சுவிட்சை அமுக்க மனம் வரவில்லை என்று இடி நினைத்துக்கொண்டார். முழங்கை நெருப்பாக எரியும்போதும் அவரை இழுத்துப்போனது அந்த நினைப்புத்தான்.

அடுத்த நிகழ்ச்சி ஒரு விளையாட்டு மைதானத்தில், பட்டப்பகலில். பெரிய குழுக்களுக்கு இரவு ஒதுக்கியிருந்தார்கள், இவர்களுக்கு மத்தியானம். வெயிலில் கூட்டம் சிதறிக் கிடந்தது. காற்று புழுதியைக் கிளப்பி மேடைமேல் கொண்டுவந்து போட்டது. மூன்றாவது பாட்டிலேயே பாடகர் இரண்டு வரிகளை விழுங்கினார். கைக்குக் கட்டுப் போட்டிருந்த இடி அதைக் கவனிக்கவில்லை. சோலோவைப் பற்றிய பயத்தில் இருந்தார்.

பாட்டு முடிந்து மற்ற இருவரும் இறங்கினார்கள். பேஸ் பக்கம் படிக்கட்டு வைக்கவில்லை. அதனால் தங்கை மகள் தன் ஸ்பீக்கர் பெட்டியருகே, கிடாரைக் கழற்றாமல், சலித்த முகத்தோடு நின்றாள். இடி தொடங்கினார். மெதுவாக டாம் முரசுகளில் ஆரம்பித்து, கூர்மையாய் ஒலிக்கும் ஸ்நேருக்கு ஏறி, காலால் இரட்டை உதை. நிழல் தேடி ஆட்கள் நகர்ந்தார்கள். சிம்பலை முதல் முறை வெட்டியபோது வலி தோள் வரை ஓடியது. காலடியைப் பார்த்தார். வெயில் வெளிச்சத்தில் அம்பு எரிகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. எரியவில்லை.

நிமிரும்போது காற்றில் பின்திரை விலகியது.

இரவு நிகழ்ச்சிகளில் திரைக்குப் பின்னால் கும்மிருட்டு. இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. வயர் பெட்டிமேல் பாடகர் உட்கார்ந்திருந்தார். முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றி, தலையைத் தொங்கப்போட்டு. முகத்தில் பிளாஸ்டிக் மூடி. அதிலிருந்து ஒரு குழாய் தரையில் இருந்த சின்ன இயந்திரத்துக்குப் போனது. ஆஸ்பத்திரிகளில் மூச்சுத் திணறுகிறவர்களுக்கு மருந்தை ஆவியாகக் கொடுப்பார்களே, அந்த இயந்திரம். மூடியைப் பிடித்துக்கொண்டு இடியின் தங்கை பக்கத்தில் நின்றாள். மறு கையில் சுவிட்ச். பாடகரின் முதுகு மேலும் கீழும் போய்வந்தது. அவர் எதையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

திரை மூடிக்கொண்டது. இடியின் கைகள் பழக்கத்தில் அடித்துக்கொண்டிருந்தன. எவ்வளவு நேரம் பிடிக்கும் அதற்கு, என்று யோசித்தார். அவர் தாயாருக்கு வைத்தபோது ஒரு குப்பி மருந்து ஆவியாகி முடிவதற்குள் காபி ஆறிவிடும். அடிகளைப் பரப்பினார். வேகத்தைக் குறைத்தார். பிறகு சிம்பலுக்குக் கையை உயர்த்தினார். விரல்கள் தாமாகவே விரிந்தன. குச்சி மேடையில் உருண்டு ஓடியது.

தங்கை மகள் நிமிர்ந்து பார்த்தாள். காலால் மட்டும் உதைத்துக்கொண்டு, முழங்கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்த மாமாவைப் பார்த்தாள். அவர் பார்த்துக்கொண்டிருந்த திரையையும் பார்த்தாள். அது மறுபடி விலகியது.

அவள் முகத்தில் என்ன வந்தது என்று இடியால் பார்க்க முடியவில்லை. அவள் அதற்குள் திரும்பிவிட்டாள். ஒரு கணம் மைதானத்தில் வெறும் உதைச் சத்தம் மட்டும் இருந்தது. பிறகு பேஸ் கிடார் ஒலித்தது. அவளிடம் தயாராக ஒரு சோலோ இல்லை. பயிற்சி அறையில் விரல் சூடேற்ற வாசிக்கும் சாதாரண ஏற்ற இறக்கத்தைத்தான் வாசித்தாள், அதையும் ஒரு இடத்தில் தவறாக. தவறிய இடத்தையே மறுபடி மறுபடி வாசித்து அது வேண்டுமென்றே செய்தது போலாக்கினாள். இடி காலால் அவளைத் தாங்கினார்; கொஞ்சம் பொறுத்து இடக்கையும் சேர்ந்துகொண்டது. கேட்பதற்குச் சிறப்பாக ஒன்றுமில்லை. நிழலுக்குப் போனவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் மரியாதைக்குத் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்.

அம்பு எரிந்தது. பாடகர் துள்ளி வந்து மைக்கைப் பிடித்தார். மீதிப் பாட்டுகளை இடி ஒன்றரைக் கையால் வாசித்து முடித்தார்.

வேனில் சாமான் ஏற்றும்போது தங்கையைத் தனியாகப் பிடித்தார். வேன் நிழலில் ஒரு பக்கமாக உட்கார்ந்து அவள் அவர் கைக்கு ஐஸ் பை வைத்தாள்.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டார்.

நுரையீரல் சுருங்கிக்கொண்டு வருகிறதாம். பாடக் கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை, இடையில் உட்காரச் சொன்னாராம். பஸ் வேலைக்கு ஒன்றும் ஆபத்தில்லை, அதற்குத் தனியாகப் பரிசோதனை செய்து சீட்டு வாங்கியாயிற்று என்றாள். மகளுக்குத் தெரியாது. அண்ணனிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார்.

"என்கிட்ட எதுக்கு மறைக்கணும்?"

"சொன்னா பாவம் பார்த்து அடிப்பீங்களாம். அது வேணாமாம்."

இடி கொஞ்ச நேரம் ஐஸ் பையை அமுக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் முழங்கையில் வழிந்து கால்சட்டையை நனைத்தது.

"அப்போ இத்தனை வருஷமா நான் அடிச்சது, அவன் உக்கார்றதுக்குத்தானா?"

"இத்தனை வருஷம் இல்லண்ணா. மூணு வருஷம். அதுக்கு முன்னாடி நிஜமாவே கேட்டுக்கிட்டுத்தான் நிப்பாரு. சுவிட்சை அமுக்க மறந்துடுவாரு. நான்தான் இடிச்சுச் சொல்லணும்."

வேனின் முன் இருக்கையில் அப்பாவுக்குப் பக்கத்தில் மகள் ஏறி உட்கார்ந்தாள். துணிப்பைக்குள் ஒளித்து வைத்திருந்த இயந்திரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பாடகர் அதைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார். வீடு வரும் வரை கம்பி மட்டும் சவுண்டுக்காரனைத் திட்டிக்கொண்டு வந்தான்.

அடுத்த வாரம் பயிற்சி அறைக்கு இடி ஒரு வயர் சுருளோடு வந்தார். வலக்கையில் பட்டை போட்டிருந்ததால், தங்கை மகளைக் குறடு பிடிக்கச் சொல்லி, விளக்கின் வயரை நீட்டி, அம்பைத் தன் காலடியிலிருந்து எடுத்து டிரம்முக்கும் பேஸ் பெட்டிக்கும் நடுவில் வைத்தார். இரண்டு பேருக்கும் தெரிய வேண்டும்.

பாடகர் ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "எதுக்கு அது?"

"இவளும் சோலோ வாசிக்கப்போறா. பாதி அவ, பாதி நான்."

"பேஸ் சோலோவா?" பாடகர் மகளைப் பார்த்தார். அவள் வயரின் முனையை உரித்துக்கொண்டிருந்தாள்.

"இப்பவும் சொல்றேன், அது பாட்டுக்குச் சேராதுதான்" என்றாள், நிமிராமல்.

"சேராதுதான்" என்றார் இடி.

பாடகர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மறுப்பாக இருக்கலாம். பிளாஸ்கைத் திறந்தார், மூடினார். கடைசியில் எழுந்து, சுவிட்சை எடுத்துக்கொண்டு, மேடையில் சோலோவுக்குப் போவது போலக் கதவுக்கு வெளியே போனார்.

"அமுக்கு மாப்ள" என்றார் இடி.

அம்பு எரிந்தது. கதவுக்கு அப்பாலிருந்து, எரியுதா, என்று குரல் வந்தது.

"எரியுது" என்றார் இடி. முழங்கையைத் தடவிக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தார். "வாசிக்கும்போது இவ்வளவு சீக்கிரம் வேணாம். நல்லா உக்காந்து எந்திரிச்சு அமுக்கு."

வெளியே உட்கார ஒரு வாளியைக் கவிழ்த்துப்போடும் சத்தம் கேட்டது. பிறகு அம்பு அணைந்தது.