நாற்பது பார்சல் விறகு

கதவில் நகராட்சி ஒட்டிவிட்டுப் போன கடிதத்தை வயலின் டீச்சர் மூன்று முறை படித்தாள். மூன்று முறையும் அதே சேதிதான். அவள் வீட்டுப் புகைபோக்கியிலிருந்து கரும்புகை வருகிறதென்று மாடியில் குடியிருக்கும் அம்மாள் புகார் கொடுத்திருக்கிறார். இன்னும் மூன்று வாரத்தில், வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஆய்வாளர் வருவார். அந்த நேரம் அடுப்பு எரிந்துகொண்டிருக்க வேண்டும். கரும்புகை தெரிந்தாலும் சரி, அடுப்பை அணைத்து வைத்து ஏமாற்றப் பார்த்தாலும் சரி, குளிர்காலம் முடியும்வரை அடுப்புக்குச் சீல்.

அந்த வீட்டின் முன்னறையில்தான் டீச்சர் பாடம் நடத்துகிறாள். அந்த அறைக்குச் சூடு என்று ஒன்று உண்டானால் அது மூலையில் நிற்கும் கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அடுப்பிலிருந்துதான் வர வேண்டும். சூடு இல்லாவிட்டால் விரல் மடங்காது. விரல் மடங்காவிட்டால் வயலின் ஏது? ஏற்கெனவே இரண்டு பேர் "கோடை வந்ததும் வர்றோம் டீச்சர்" என்று கழன்றுகொண்டார்கள். லாரி ஓட்டும் மாணவர் ஒருவர் கையுறை போட்டுக்கொண்டே வாசித்தார். அதைக் கேட்பது தனிக் கொடுமை.

இத்தனைக்கும் காரணம் வெளியாள் இல்லை. அவள் கணவர்தான்.

அவர் தபால் நிலையத்தில் பத்தொன்பது வருடமாகப் பார்சல் கவுண்டரில் உட்காருகிறவர். எடை போடாமல் எதையும் நம்பமாட்டார். புதிதாக வாங்கிய செருப்பில் இடது கால் பதினொரு கிராம் கூட என்று கடைக்கே போய்த் திருப்பிக் கொடுத்தவர். எதுவும் வீணாகக் கூடாது என்பது அவர் கட்சி. அதனால் அடுப்பில் விறகைத் திணித்து, காற்று உள்ளே போகும் திறப்பை இழுத்து மூடிவிடுவார். "விறகு நின்னு எரியணும்" என்பார். விறகு நின்றது, எரியத்தான் இல்லை. கண்ணாடிக் கதவு தார் பூசியதுபோலக் கறுத்து, உள்ளே நெருப்பு இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாமல் போயிற்று. அவர் அடிக்கடி கதவைத் திறந்து பார்ப்பார். வீடு முழுக்க இருமும்.

டீச்சர் தன் அண்ணனுக்குப் போன் போட்டாள். அண்ணனுக்குத் தொழிலே புகைபோக்கி சுத்தம் செய்வதுதான். மறுநாளே தூரிகையும் கழிகளுமாக வந்து இறங்கினார். ஒரு மணி நேரம் குடைந்ததில் இரண்டு வாளி நிறைந்தது. அதைக் கொண்டுவந்து தங்கை புருஷன் முன்னால் வைத்தார்.

"மாப்ளே, இது என்னன்னு தெரியுதா?"

"கரி."

"உங்க விறகு மாப்ளே. எரிஞ்சு சூடு குடுக்க வேண்டியது, எரியாம மேல போய் ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா அங்கயே தீப்பிடிச்சிருக்கும்."

"நான் சிக்கனமா எரிக்கிறேன் மச்சான்."

"நீங்க எங்க எரிச்சீங்க? விறகுக்கு மூச்சு முட்ட வெச்சிருக்கீங்க."

அண்ணன் அங்கேயே தரையில் உட்கார்ந்து செய்து காட்டினார். பெரிய கட்டை அடியில். சின்னது அதன் மேல். சுள்ளி உச்சியில். தீயை உச்சியில் வைக்க வேண்டும். அது மெழுகுவத்திபோல மேலிருந்து கீழே இறங்கி வரும். அப்போது கட்டையிலிருந்து கிளம்பும் புகை தீயைத் தாண்டிப் போக முடியாமல் தானும் எரிந்துவிடும். தீ நன்றாகப் பிடிக்கும்வரை காற்றை முழுக்கத் திறந்து வைக்க வேண்டும். பிறகு கொஞ்சம் குறைக்கலாம், சுடர் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். அடைத்துத் திணிக்கக் கூடாது.

"எல்லாத்துக்கும் மேல, விறகு காஞ்சிருக்கணும். ஈர விறகைப் போட்டா அடுப்பு தண்ணிதான் காய்ச்சும், வீட்டைக் காய்ச்சாது."

"காஞ்சது எதுன்னு எப்படித் தெரியும்?"

அண்ணன் இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். "காஞ்சதுன்னா கணீர்னு கேக்கும். ஈரம்னா தொப்புனு இருக்கும்."

பார்சல்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சத்தத்தைக் கேட்டு யாராவது முடிவு பண்ணுவாங்களா மச்சான்? எடை போட்டா ஆச்சு. ஈரம் போகப் போக எடை குறையும். குறையறது என்னைக்கு நிக்குதோ அன்னைக்குக் காஞ்சுடுச்சு."

அண்ணன் யோசித்துப் பார்த்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்றார்.

அதை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் மாலை பார்சல்காரர், அலுவலகத்தில் கழித்துப் போட்டிருந்த பழைய தராசு ஒன்றை மேலதிகாரியிடம் கேட்டு வாங்கித் தூக்கி வந்தார். கொட்டகையிலிருந்து பார்வைக்குப் பழையதாகத் தெரிந்த நாற்பது கட்டைகளை வீட்டுக்குள் கொண்டுவந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு, அதில் எண், தேதி, எடை. சீட்டு விழுந்துவிடாமல் இருக்கப் பழுப்பு நிற பார்சல் டேப்பால் இரண்டு சுற்று. ஒரு சுற்றோடு விடுவது அவர் அகராதியில் கிடையாது. கட்டிலுக்கு அடியில் பதினான்கு, ஜன்னல் ஓரமாகப் பத்து, அடுப்புக்கு எட்டத்தில் எட்டு, குளியலறை வாசலில் மிச்சம். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் எண் முப்பத்தொன்று காலில் இடித்தது.

தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் எடை போடும் வைபவம். சாப்பிடும்போதும் அதே பேச்சு.

"இருபத்தி மூணு இன்னைக்கு நாப்பது கிராம் இளைச்சிருக்கு டீச்சர்." தெருவே அவளை டீச்சர் என்று கூப்பிட்டதில் அவரும் அப்படியே பழகிவிட்டார்.

"நான் மூணு மாசமா ராத்திரி சாப்பாட்டைக் குறைச்சுட்டு இருக்கேன். நான் இளைச்சேனான்னு யாராவது கேட்டீங்களா?"

"ஏறி நில்லு, பாத்துடலாம்."

"சாப்பிடுங்க."

எடை குறைவது நின்ற கட்டைக்குச் சிவப்பு மையில் 'தேறியது' என்று எழுதினார். தேறியதை எரிக்கவும் விடவில்லை, எல்லாம் வெள்ளிக்கிழமைக்கு. அதுவரை வகுப்பு நேரத்துக்கு மட்டும் கொஞ்சமாகத் தீ. டீச்சர் கோட்டோடு தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை பார்சல்காரர் லீவு போட்டார். காலை பதினொரு மணிக்கு ஒத்திகை. அண்ணன் தெருவில் நின்று புகைபோக்கியைப் பார்க்க, பார்சல்காரர் அடுப்பின் முன்னால் உட்கார்ந்தார். தேறிய கட்டை மூன்று அடியில், மேலே சின்னக் கட்டை, உச்சியில் சுள்ளி. காற்று முழுத் திறப்பு. தீக்குச்சி உரசினார். ஒரு தப்பு இல்லை. சுள்ளி பற்றி, தீ தகதகவென்று மேலே நின்று ஆடியது. டீச்சர்கூட ஒரு நிமிடம் கோட்டுப் பித்தானைத் தளர்த்தினாள்.

பிறகு தீ கீழே இறங்கிப் பெரிய கட்டைகளைத் தொட்டது. பிளாஸ்டிக் வாளியைக் கொளுத்தியதுபோல ஒரு நாற்றம்.

தெருவிலிருந்து அண்ணன் குரல் வந்தது. "மாப்ளே, நகராட்சிக்காரன் வர வேண்டியதில்ல. இந்தப் புகைக்குத் தீயணைப்பு வண்டியே வரும்."

அண்ணன் ஓடிவந்து அடுப்பின் கதவைத் திறந்தார். உள்ளே எண் பதினேழின் சீட்டு சுருண்டுகொண்டிருந்தது. டேப் உருகிக் கறுப்புக் கறுப்பாகச் சொட்டியது.

"விறகுக்கு எதுக்கு மாப்ளே டேப்பு?"

"சீட்டு கழண்டுடக் கூடாதுன்னு."

"கழண்டா என்ன? விறகு வேற ஊருக்குப் போயிடுமா?"

அதற்குள் மாடியம்மாள் படியிறங்கி வந்துவிட்டார். கையில் துவைத்துக் காயப்போட்ட வெள்ளை விரிப்பு. அதில் மிளகு தூவியதுபோலப் புள்ளி. அதை விரித்து எல்லோருக்கும் காட்டினார்.

"நாலு மணிதானே டீச்சர்? நானும் இருப்பேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மூவரும் மீதிக் கட்டைகளின் டேப்பை உரிக்க உட்கார்ந்தார்கள். பத்தொன்பது வருடத்தில் பார்சல்காரர் ஒட்டிய டேப் எதுவும் வழியில் பிரிந்ததாகப் புகார் வந்ததில்லை. இப்போதும் பிரியவில்லை. நகம் உடைந்தது. கத்தி மழுங்கியது. பட்டையோடு பிய்த்தாலும் பட்டை இல்லாத பக்கம் பசை கட்டையில் தங்கியது. ஒரு மணி நேரத்தில் ஒன்றரைக் கட்டை தேறியது.

டீச்சர் எழுந்து கொட்டகைக்குப் போனாள். இரண்டு கட்டையை எடுத்துத் தட்டினாள். தொப். ஒன்றைப் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தாள். தொப். ஐந்தாவதில் கணீரென்று ஒரு சத்தம், அடங்கப் பார்த்துக் கொஞ்சம் நின்றது. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். தந்தி ஒரு மயிரிழை இறங்கியிருந்தாலும் அடுத்த அறையிலிருந்து சொல்லிவிடுகிற காது அது. அந்தக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்கிலுள்ள ஒவ்வொன்றையும் அதோடு தட்டிப் பார்க்க ஆரம்பித்தாள்.

பார்சல்காரர் தராசைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். "ஒரே ஒரு தடவை எடை போட்டுடறேனே."

"ஏங்க, ஒரு தடவை போட்டு என்ன தெரியும்? நேத்து என்ன எடை இருந்தேன்னு அதுகிட்டயே கேப்பீங்களா?"

அவர் தராசைத் தரையில் வைத்தார். பிறகு தானும் இரண்டு கட்டையை எடுத்துத் தட்டி, "இது?" என்றார்.

"அது அழுவுது. வைங்க கீழ."

"இது?"

"அது பரவால்ல. இன்னொரு தடவை தட்டுங்க. ம்ஹூம், நுனியில ஈரம்."

இரண்டு மணிக்குள் பதினான்கு கட்டைகள் சேர்ந்தன. அண்ணன் அடுப்பைச் சுரண்டித் துடைத்து, உருகிய டேப்பை எடுத்துப்போட்டார். இரண்டரைக்கு மறுபடி தீ வைத்தார்கள். இந்த முறை பார்சல்காரர் காற்றுத் திறப்புப் பக்கமே போகக்கூடாது என்று அவரை எதிர்ச் சுவரோரம் நாற்காலியில் உட்கார வைத்தாள் டீச்சர்.

மூன்று மணிக்கு அறை கதகதவென்று ஆகிவிட்டது. கண்ணாடி பளிச்சென்று இருந்தது; உள்ளே சுடர் நிதானமாக அசைந்தது. வகுப்புக்கு வந்த லாரிக்காரர் முதன்முறையாகக் கையுறையைக் கழற்றிவிட்டு வாசித்தார். அவர் வாசிப்பின் கொடுமைக்கு இத்தனை நாள் கையுறைதான் காரணம் என்று டீச்சர் நினைத்திருந்தாள். காரணம் கையுறை இல்லை.

நான்கு அடித்ததும் ஆய்வாளர் வந்தார். தெருவின் எதிர்ச் சாரியில் நின்று, சாம்பல் நிறத்திலிருந்து கறுப்புவரை ஐந்து கட்டம் போட்ட அட்டை ஒன்றைப் புகைபோக்கிக்கு நேராகப் பிடித்தார். அட்டையைப் பார்த்தார். புகைபோக்கியைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"அடுப்பைப் பத்த வைங்கம்மா."

"எரியுது சார்" என்றாள் டீச்சர்.

"புகையே காணோமே."

"சரியா எரிஞ்சா கண்ணுக்குப் புகை தெரியாது சார்" என்றார் அண்ணன்.

"நீங்க யாரு?"

"இவங்க அண்ணன்."

"அப்ப நீங்க அப்படித்தான் சொல்வீங்க."

"உள்ள வந்து பாத்துடுங்க சார். தீ தெரியும்."

"தெருவுல நின்னு பாக்கணும்னுதான் விதி. உள்ள வந்து தீயைப் பாத்துட்டுப் புகையைப் பத்தி நான் எப்படி எழுதுறது?"

"புகைதான் இல்லையே சார்."

"அதான் நானும் சொல்றேன். அணைச்சு வெச்சிருக்கீங்க." ஆய்வாளர் படிவத்தை எடுத்துப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

பார்சல்காரர் மனைவியின் காதருகே குனிந்தார். "நான் போய்க் காத்தை ஒரே நிமிஷம் மூடிட்டு வந்துடறேன். லேசா புகை வரும். பாத்துட்டுப் போயிடுவார்."

அண்ணன் அவர் சட்டைக் காலரைப் பிடித்தார். "உங்களுக்கு லேசா வரவெக்கத் தெரியாது மாப்ளே. நில்லுங்க."

அப்போது மாடி ஜன்னல் திறந்தது. ஆய்வாளர் நிமிர்ந்தார். "புகார் குடுத்தது நீங்கதானேம்மா? கீழ அடுப்பு எரியுதா, இல்லையா? நீங்களே சொல்லுங்க."

டீச்சருக்கு அந்த விரிப்பும் அதன் புள்ளிகளும் கண்முன் வந்தன. அம்மாள் "இல்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கதை முடிந்தது.

"எரியாம என்ன?" என்றார் மாடியம்மாள். "மேல வந்து என் சுவத்தைத் தொட்டுப் பாருங்க."

"எந்தச் சுவர்?"

"புகைபோக்கி என் படுக்கையறைச் சுவத்துக்குள்ளதான் மேல போகுது. ஆறு வருஷமா அது ஐஸ் கட்டியாட்டம் இருக்கும். இன்னைக்கு மத்தியானம் தெரியாம அதுல சாஞ்சேன், அப்படியே தூங்கிட்டேன். இப்ப நீங்க கத்தினதுலதான் எழுந்தேன்."

புகார் கொடுத்தவர் வீட்டுச் சுவரைத் தொடக்கூடாது என்று விதியில் இல்லைபோலும். ஆய்வாளர் படியேறினார். பின்னாலேயே மற்ற மூவரும்.

அவர் முதலில் ஒரு விரலை வைத்தார். பிறகு உள்ளங்கை. பிறகு இரண்டு உள்ளங்கையும். பிறகு அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, திரும்பி, முதுகைச் சுவரில் பொருத்திக்கொண்டார். காலையிலிருந்து தெருத்தெருவாக நின்று அண்ணாந்து பார்த்த மனிதர். முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல இளகியது. அப்படியே நின்றபடி படிவத்தை நிரப்பத் தொடங்கினார்.

"புகையின் நிறம்னு கேக்குது. என்ன எழுதட்டும்?"

"புகை இல்லைன்னு எழுதுங்க சார்" என்றாள் டீச்சர்.

எழுதினார். "சீல் தேவையா? தேவையில்லை." அதையும் எழுதினார்.

"புகார்தாரர் சொல்ல விரும்புவதுன்னு ஒரு இடம் இருக்கு. வாபஸ்னு போட்டுடவாம்மா?"

"வாபஸ் போடுங்க. அதுக்குக் கீழ, காலையில ஆறு மணிக்கே பத்த வெக்கணும்னும் போடுங்க."

"ஆறு மணிக்கா?" என்றார் பார்சல்காரர்.

"காலையிலதான் எனக்கு முட்டி வலிக்குது."

ஆய்வாளர் அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எல்லோரும் அவர் கிளம்புவதற்காகக் காத்திருந்தார்கள். அவர் சுவரை விட்டு அசையவில்லை.

"முடிஞ்சுதா சார்?" என்றார் அண்ணன்.

"மை காயட்டும்" என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் கண்ணை மூடிக்கொண்டார். டீச்சர் அடுத்த கட்டையைப் போடக் கீழே இறங்கினாள்.