ஸ்குரூ வாங்கப் போனவர்

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். என் போன கதையைப் படித்த பத்திரிகை ஆசிரியை தொலைபேசியில், "உங்க கதைல எல்லாரும் பேசறாங்க. ஒருத்தர்கூட அடுத்தவங்க சொல்றத காதுல வாங்கறதில்லையே" என்றார். "அதுக்கென்ன மேடம், அடுத்த கதைல வாங்க வெச்சுடறேன்" என்றேன். அவர் சொல்லி முடித்திருந்தாரா என்றுகூடத் தெரியவில்லை.

ஆக, நீங்கள் படிக்கப்போவது அவசரத்தில் போட்ட ஒட்டு.

2

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில் அந்த மனிதர் —

(வேண்டாம். இந்தக் கதையில் மழைக்கு வேலையில்லை.)

அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் லிஃப்ட் என்ன சத்தம் போடுகிறது என்று கவனிப்பார். வாசலில் வணக்கம் சொல்கிறவர் அப்புறம்தான் கண்ணில் படுவார். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பட்டப்பெயர் 'ரெண்டு நிமிஷம்'. உள்ளே மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுகிறவர்களிடம் அவர் சொல்வது எப்போதும் அதுதான்: "ரெண்டு நிமிஷம், சரி பண்ணிடறேன்."

வீட்டிலும் அதே கதை. மனைவி 'தலை' என்று வாயெடுத்தால் 'வலிக்குது' வருவதற்குள் மாத்திரை வந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து தன் தலைவலியைப் பற்றி ஒரு முழு வாக்கியம் பேச அந்த அம்மாளுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

3

அவர்களுடைய ஒரே மகளுக்கு வயிற்றில் இருந்த குழந்தை தங்கவில்லை. ஐந்தாம் மாதம். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பெற்றோர் வீட்டுக்கு வந்து படுத்திருந்தாள்.

(இந்தப் பத்திக்கு என் கிண்டல் ஒத்துவரவில்லை. அப்படியே விட்டுவிடுகிறேன்.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில், மகள் சொன்னாள்:

"ஆஸ்பத்திரியில நான் அழுதுட்டிருந்தேன்ப்பா. நீங்க கட்டில் கம்பிய ஆட்டி ஆட்டிப் பாத்துட்டிருந்தீங்க."

"அது ஆடிச்சும்மா. ஒரு ஸ்குரூ கழண்டு விழுந்திருந்துது."

"தெரியும்ப்பா."

"நீ சாய்ஞ்சு விழுந்திருந்தா? அதான் வெளிய போய் ஸ்குரூ வாங்கிட்டு வந்து டைட் பண்ணிட்டேன்."

"அதத்தான்ப்பா சொல்றேன்."

அவர் முகம் சுண்டிப்போனது. ஒரு நொடிதான். உடனே எழுந்து கைபேசியைத் தேடினார். "சரி, இப்ப என்ன பண்ணலாம் சொல்லு. வேற டாக்டரப் பாப்போமா? இல்ல, நீயும் மாப்பிள்ளையும் எங்கயாவது போயிட்டு வாங்களேன். டிக்கெட் நான் போடறேன்."

"கொஞ்சம் உக்காருங்களேன்" என்றாள் மனைவி.

"உக்காந்துதானே இருக்கேன்!" என்றார், நின்றுகொண்டு.*

* மனைவி இதைச் சுட்டிக்காட்டவில்லை. சொன்னால் நாற்காலியைத் தலைகீழாகத் திருப்பிப் பரிசோதிக்க ஆரம்பித்துவிடுவார்.

4

மறுநாள், காதுகொடுத்துக் கேட்பது எப்படி என்று ஒரு வீடியோ பாடத்தைக் கண்டுபிடித்தார். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டார். 'அவசரம் கூடாது' என்ற பகுதி நீளமாக இருந்ததால் தாவிவிட்டார். வேலை முடிந்து வந்து, மகள் எதிரில் உட்கார்ந்து, "உன் வலி எனக்குப் புரியுது. உன் உணர்வுகளை நான் மதிக்கிறேன்" என்றார்.

"எந்த வீடியோப்பா?"

"நல்லா இருந்துதும்மா. உனக்கும் அனுப்பவா?"

(இந்த மனுஷனை ஏன் இப்படிப் போட்டு வறுத்தெடுக்கிறேன்? கெட்டவர் இல்லையே. மகளுக்காகச் சிறுநீரகத்தைக் கேட்டால் எந்தப் பக்கம் வேண்டும் என்பார். சிறுநீரகம் கொடுக்கலாம், அறுவை சிகிச்சை முடிந்தால் கணக்குத் தீர்ந்தது. 'நீங்க என்னை விட்டுட்டுப் போனீங்க' என்ற சொல்லை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் கஷ்டம். நாம் எல்லோரும் 'சரி பண்ணிட்டேன்' என்று சொல்வதற்கு 'இத்தோட விடு' என்றுதான் பொருள். திட்டுகிறவரிடம் பதிலுக்குத் திட்டலாம். உதவி செய்துகொண்டே இருக்கிறவரிடம் என்ன செய்வது?)

5

முடிவுகள்.

அப்பாவும் மகளும் லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார்கள். கையில் கருவி எதுவும் இல்லை. வேறு வழியில்லாமல் அவர் — (லிஃப்ட் மெக்கானிக்கை லிஃப்டில் மாட்டிவிடும் அளவுக்கா கற்பனை வற்றிப்போனது? போனது. அடித்துவிட்டேன்.)

இன்னொன்று: அவர் கதறி அழுகிறார். மகள் அவர் கண்ணைத் துடைத்து — (பாருங்கள், ஆறுதல் சொல்லும் வேலையும் அவள் தலையில்தான் வந்து விழுகிறது.)

மகள், "பரவாயில்லப்பா" என்கிறாள். (அவள் சொல்லவில்லை. கதையை முடிக்கிற அவசரம் எனக்கு.)

6

நடந்தது இதுதான். மாப்பிள்ளை வண்டியோடு வருவதாகச் சொன்ன நாள். மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பெட்டியின் ஜிப் சிக்கியதால், அவர் தரையில் உட்கார்ந்து அதில் மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு ஸ்குரூ வாங்கறதுக்குன்னு ரூம விட்டுப் போனீங்க இல்ல? நான் தூங்கறேன்னு நெனச்சுட்டு."

"ஆமாம்மா."

"நான் தூங்கல. அப்பான்னு கூப்பிட்டேன். ரெண்டு தடவ."

மெழுகு தேய்த்த கை நின்றது.

'காதுல விழலம்மா' என்றால் போதும். ஆஸ்பத்திரியில் ஆயிரம் சத்தம், யாரும் நம்புவார்கள். அவளும் நம்பத் தயாராகத்தான் இருந்தாள். (நான் அந்த வசனத்தை எழுதியே வைத்திருந்தேன்.)

"கேட்டுச்சும்மா" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டு தடவையும் கேட்டுச்சு. உள்ள வந்தா என்ன பேசறதுன்னு தெரியல. ஸ்குரூ என் பையிலயேதான் இருந்துச்சு."

மகள் மடித்த துணியோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். வாசலில் வண்டி வந்து ஹாரன் அடித்தது. மனைவி வெளியே போய் மாப்பிள்ளையை அங்கேயே நிறுத்திவைத்தாள். அறைக்குள் மகள் பேச ஆரம்பித்தாள். குழந்தையைப் பற்றி. அந்த ஆஸ்பத்திரி அறையின் சுவரைப் பற்றி. அப்புறம் அவரைப் பற்றி. கை ஜிப்பின் பக்கம் போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது.

எல்லாம் கேட்டுவிட்டு அவர் என்ன சொன்னார் என்கிறீர்களா? உங்களிடம் ஆளுக்கொரு வசனம் தயாராக இருக்கும்; என்னிடமும் இருக்கிறது, கொஞ்சம் நன்றாகவே வந்திருக்கிறது. பத்திரமாக வைத்திருங்கள்.

அவள் இன்னும் பேசி முடிக்கவில்லை.