நோர்மலுக்கு நாலாவது கருத்து

என் கணவர் சிவபாதசுந்தரத்திடம் ஒரு கேள்வி கேட்டால் ஐந்து பதில் வரும். இருபத்திரண்டு வருசமாக இந்த வியாதியோடு குடித்தனம் நடத்துகிறேன். அதை அவர் பொலிஸ் ஸ்ரேசனிலும் காட்டுவார் என்று நான் நினைக்கவில்லை.

தொண்ணூற்றேழாம் ஆண்டு, யுத்த காலம். கொழும்பு வெள்ளவத்தையில் ரியூசன் படிப்பித்துவிட்டு வரும்போது சோதனைச் சாவடியில் இவருடைய பையைக் கிளறியிருக்கிறார்கள். கணிதக் கொப்பியில் ஆங்கிலத்தில் ‘நோர்மல் டு த பிளேன்’ என்று எழுதியிருந்தது. பிளேன் என்றால் ஆகாயவிமானம் என்று பிடித்து ஸ்ரேசனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஐந்து மணிக்கு லொறி வரும், அதற்குள் விளங்கப்படுத்தாவிட்டால் தடுப்பு முகாமுக்குத்தான் என்றார் இன்ஸ்பெக்டர். செய்தி கேட்டு நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது நாலே முக்கால்.

பிளேன் என்பது இங்கே தட்டையான பரப்பு என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். ஒருமாதிரி ஏற்றுக்கொண்டார். அப்படியென்றால் நோர்மல்? அவருடைய பேனையை எடுத்து மேசையில் நிமிர்த்திப் பிடித்து, இப்படி நேராக நிற்பது என்றேன். தலையாட்டினார். அத்தோடு முடிந்திருக்கும்.

இவர் விட்டாரா? நேராக என்பது பிழையாம். பரப்பு சரிந்தால் நோர்மலும் சேர்ந்து சரியுமாம். புள்ளிவிபரவியலில் அதற்கு வேறு கருத்தாம். மூன்றாவதாக, இரசாயனத்தில் அமிலக் கரைசலுக்கும் அப்படிச் சொல்வதாம். இன்ஸ்பெக்டர் ‘அசிட்’ என்று எழுதி அடிக்கோடு போட்டார். “நாலாவது...” என்று இவர் தொடங்க, மேசைக்குக் கீழே இவருடைய காலை ஓங்கி மிதித்தேன்.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பி, இந்த மனுசன் வீட்டில் நோர்மலா என்று கேட்டார்.

“இல்லை மாத்தயா,” என்றேன். “கலியாணம் கட்டின நாளிலயிருந்து ஒருநாளும் இல்லை.”

அவர் சிரித்துவிட்டார். அசிட்டை வெட்டிவிட்டு, கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்.

வீட்டுக்குத் திரும்பும்போது, காலிக்குப் போகும் பெருவீதியில் அடுத்த சாவடி. ஒரு சிப்பாய் அதே கொப்பியை விரித்து, இது என்ன என்று கேட்டான். ஐந்து பதிலையும் எதிர்பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“ஒண்டுமில்லை, சேர்,” என்றார் இவர், தலை குனிந்தபடி.

இவர் வாயை மூடமாட்டாரா என்று எத்தனை நாள் ஆத்திரப்பட்டிருப்பேன். மூடியபோது என்னால் தாங்க முடியவில்லை. எங்கள் ஒழுங்கை வரும்வரை பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

“இஞ்சருங்கோ, அந்த நாலாவது என்னப்பா?”

“அதை விடும்,” என்றார்.